அந்தத் தாயின் ஆங்கிலத்தைத் திருத்தாதீர்கள்

இந்த ஆண்டில் மூன்றாவது முறையாக அதே பயிற்சித்தாள் என் மேசைக்கு வந்திருக்கிறது. டொராண்டோவில் புதிதாகக் குடியேறியோருக்கு ஆங்கிலம் கற்பிக்கும் நான், இளம் ஆசிரியர்களின் பாடக்குறிப்புகளையும் பார்த்துக் கொடுப்பதுண்டு. மேலே, கறுப்பினத் தாயொருத்தி தன் வாழ்க்கையை மாடிப்படியாக மகனுக்கு விவரிக்கும், அமெரிக்கக் கறுப்பினக் கவிஞர் லாங்ஸ்டன் ஹியூஸின் 1922ஆம் ஆண்டுக் கவிதை. கீழே, ‘பிழைகளைத் திருத்தி எழுதுக.’ இனவெறிக்கு எதிரான பாடம் என்று தலைப்பிட்டுவிட்டு, அந்தத் தாயின் பேச்சையே பிழை என்று கற்பிப்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

கறுப்பின மக்களின் ஆங்கிலம் அரைகுறையாகக் கற்ற ஆங்கிலம் என்ற எண்ணமே இதற்கு வேர். ‘ஷீ வொர்க்கிங்’ என்றால் அவள் இப்போது வேலை செய்துகொண்டிருக்கிறாள். ‘ஷீ பி வொர்க்கிங்’ என்றால் அது அவள் வழக்கம். இப்படி வழக்கத்தையும் இக்கணத்தையும் வினையிலேயே பிரித்துக் காட்டும் இலக்கணத்தை, அதைப் பேசி வளரும் சிறுபிள்ளையும் பிசகாமல் கையாளும். ஒரே வாக்கியத்தில் இரண்டு எதிர்மறைச் சொற்களை வைக்கும் இரட்டை எதிர்மறையும் அப்படித்தான். பதினான்காம் நூற்றாண்டின் ஆங்கிலக் கவிஞர் சாசரிடம் அது நிறையவே உண்டு, ஆனால் அவர் வரிகளை எவரும் திருத்தச் சொல்வதில்லை. கறுப்பினப் பிள்ளைகளின் வீட்டுமொழியைக் கருத்தில் கொள்ளாமல் வாசிப்புக் கற்பித்தது பள்ளி நிர்வாகத்தின் தவறு என்று அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்து ஆன் ஆர்பர் நகர வழக்கில் 1979 ஜூலையில் தீர்ப்பு வந்தது. அதே மாதம் கறுப்பின எழுத்தாளர் ஜேம்ஸ் பால்ட்வின், கறுப்பின ஆங்கிலம் ஒரு மொழியே என்று நியூயார்க் டைம்ஸில் வாதிட்டார்.

பாடத்துக்கு எடுக்கும் கதையில் கறுப்பினத்தவரைக் குறிக்கும் இழிசொல் வந்தால் அதை உரக்க வாசிக்காதீர்கள், மாணவரை வாசிக்க வைக்கவும் வேண்டாம். வகுப்பிலுள்ள ஒரே கறுப்பின மாணவரிடம் திரும்பி, ‘உங்கள் மக்கள் என்ன நினைக்கிறார்கள்?’ என்று கேட்கவே கேட்காதீர்கள். அடிமைக்காலத் துயரத்தை மட்டும் கொடுத்து நிறுத்திவிடாமல், கறுப்பின எழுத்தாளர் சோரா நீல் ஹர்ஸ்டன் எழுதிய காதலையும் திண்ணைப் பேச்சையும் சிரிப்பையும் கொடுங்கள்.

தமிழ் மாணவர்களிடம் இன்னொரு வேலையும் இருக்கிறது. கறுப்பினத்தவரை இழிவாகக் குறிக்கும் ‘காப்பிலி’ என்ற சொல்லையே சொல்லிப் பழகிய யாழ்ப்பாணத்து அம்மா ஒருவர், ஹியூஸின் கவிதையை வாசித்த மாலை, எல்லோரும் போனபின் தயங்கி நின்று, “அப்ப நாங்கள் அவையளை என்னெண்டு சொல்ல வேணும், ரீச்சர்?” என்று கேட்டார். திருத்தும் பயிற்சி கொடுத்திருந்தால் அந்தக் கேள்வி எனக்குக் கிடைத்திருக்காது.

ஆகவே ஒரு வேண்டுகோள்: அந்தத் தாளின் கடைசி வரியை அழித்துவிட்டு, ‘இந்தத் தாய் எதிர்மறையை ஏன் இரண்டு முறை வைக்கிறாள்? ஒன்றை எடுத்துவிட்டு வாசித்தால் அவள் குரலில் எது குறைகிறது?’ என்று எழுதுங்கள்.