க்ரூஸ் மாவட்டத்துக் கல்வீடும் முப்பது மூட்டை சிமென்டும்

பிரான்ஸில் பழைய கல்வீடுகளைச் சரிசெய்யும் எனக்கு, நவம்பர் பிறந்தால் இந்த மாதிரி அழைப்புகள் வரத் தொடங்கிவிடும். கோடையில் வீடு வாங்கி, கோடையிலேயே வேலையையும் முடித்தவர்கள் மழைக்காலம் வந்ததும் தேடுவார்கள்.

"அண்ணை, புதுசாப் பூசின சுவர். அதுக்குள்ள உப்புப் பூத்துக் கிடக்கு. அறைக்குள்ள போனா ஈரச்சாக்கு மணம்" என்றார் ஒருவர். பாரிஸை ஒட்டிய புறநகரில் குடியிருக்கும் தமிழ்க் குடும்பம். பிரான்ஸின் நடுவில் இருக்கும் க்ரூஸ் மாவட்டத்தில், பழைய கிரானைட் வீடு ஒன்றை 32,000 ஈரோவுக்கு வாங்கியிருந்தார்கள். பாரிஸ் நகருக்குள் அந்தக் காசுக்குக் கார் நிறுத்த ஓர் இடம்தான் கிடைக்கும். அதனால் வாங்கியதில் தப்பு இல்லை. வாங்கிய பிறகு செய்ததுதான் தப்பு.

வெளிச்சுவரில் கல்லுக்கு இடையிலிருந்த பழைய காரையைச் சுரண்டிவிட்டு சிமென்டால் பாயின்டிங் செய்திருந்தார்கள். உள்ளே குளிர் தடுக்கக் கண்ணாடிக் கம்பளியை வைத்து, ஜிப்சம் பலகையால் சுவர் முழுவதையும் மூடியிருந்தார்கள். மண்தரையைத் தோண்டி, பிளாஸ்டிக் தாள் விரித்து, மேலே கான்கிரீட். பழைய மர ஜன்னல்களைக் கழற்றிவிட்டு, காற்றுப் புகாத இரட்டைக் கண்ணாடி ஜன்னல்கள். ஒவ்வொன்றும் தனியாகப் பார்த்தால் நியாயமான வேலைதான். எல்லாம் சேர்ந்தபோது வீட்டுக்கு பாலித்தீன் பையைப் போர்த்தியது போல் ஆகிவிட்டது.

நான் போனதும் முதலில் கேட்டது ஒரு ஸ்க்ரூடிரைவர். உத்திரம் சுவருக்குள் நுழையும் இடத்தில் ஜிப்சம் பலகையை ஒரு சாண் வெட்டி எடுத்துவிட்டுக் குத்திப் பார்த்தேன். ஓக் மரம், இரும்பு மாதிரி இருக்க வேண்டியது. பிடி வரைக்கும் உள்ளே போயிற்று. அந்த அம்மா ஒன்றும் சொல்லாமல் சமையலறைப் பக்கம் போய்விட்டார்.

என்ன நடந்தது என்றால், இந்த ஊர்ச் சுவர்கள் ஐம்பது அறுபது சென்டிமீட்டர் கனம். இரண்டு வரிசைக் கல், நடுவில் சில்லும் மண்ணும் சுண்ணாம்பும். கீழே ஈரம் தடுக்கும் படுகை எதுவும் கிடையாது. அதனால் தரையிலிருந்து ஓதம் ஏறிக்கொண்டேதான் இருக்கும். கட்டிய காலத்திலிருந்தே ஏறுகிறது. கிரானைட் கல் அதிகம் நீர் குடிப்பதில்லை, ஈரம் போவதும் வருவதும் கல்லிடுக்குக் காரை வழியாகத்தான். சுண்ணாம்புக் காரை அந்த ஈரத்தை வெளியே ஆவியாக விட்டுவிடும். சிமென்ட் விடாது. அது விறைப்பானதும்கூட, சுவர் கொஞ்சம் அசைந்தாலும் மயிரிழை விரிசல் விடும். விரிசல் வழியே மழைநீர் உள்ளே போகும், வந்த வழியே திரும்பாது. வெளியே வழி இல்லாத ஈரம் உள்பக்கம் வரும். அங்கே ஜிப்சம் பலகை. அப்புறம் மிச்சம் இருப்பது மேல்வழிதான், உத்திரத்தின் முனை வரைக்கும்.

மென்மையான சுண்ணக்கல் வீடாக இருந்தால் இன்னும் மோசம். சிமென்ட் கோடு அப்படியே நிற்க, சுற்றிலும் கல் மாவாக உதிரும்.

நான் புதுச்சேரிக்காரன். நம் ஊர்ப் பழைய வீடுகளிலும் சுண்ணாம்புக் காரைச் சுவர்மேல் சிமென்ட் பூசி, அது பாளம் பாளமாகப் பெயர்வதைப் பார்த்துத்தான் வளர்ந்தேன். படிப்பில் இதைச் சொல்லிக்கொடுக்கவில்லை. எங்கள் தெருவில் ஒரு வயதான கொத்தனார் சொல்லிக்கொடுத்தார்.

க்ரூஸ் மாவட்டத்துக்கு இதில் ஒரு வேடிக்கை உண்டு. அந்த ஊர் ஆண்கள் தலைமுறை தலைமுறையாகக் கொத்தனார் வேலைக்குப் பாரிஸ் போனவர்கள். பின்னாளில் நாடாளுமன்ற உறுப்பினரான மார்த்தேன் நதோ, 1830இல் பதினான்கு வயதில் தகப்பனாரோடு கிளம்பிப்போனவர். அப்படிப் பாரிஸைக் கட்டப் போனவர்களின் ஊரில், இன்று பாரிஸிலிருந்து நம்மவர்கள் வீடு வாங்குகிறார்கள். அந்தச் சுவர்களைக் கட்டியவர்களுக்குத் தொழில் தெரியும். அவர்கள் செய்துவைத்ததை மாற்றுமுன் ஏன் அப்படிச் செய்தார்கள் என்று கேளுங்கள்.

சரி, வாங்கிவிட்டீர்கள். எதிலிருந்து தொடங்குவது? கூரை, அதன் பிறகு மழைநீர்க் குழாய். இரண்டும் சரியாகும் வரை உள்ளே ஒரு காசு செலவழிக்காதீர்கள். அடுத்தது சுவரைச் சுற்றியுள்ள மண். பல பத்தாண்டுகளில் இலையும் குப்பையும் சேர்ந்து வெளித்தரை உள்தரையைவிட உயர்ந்திருக்கும். அதைத் தாழ்த்தினாலே பாதி ஓதம் குறைந்த வீடுகள் உண்டு. வடிகால் குழாய் போடுவதென்றால் சுவரை ஒட்டித் தோண்டவே கூடாது. இந்த வீடுகளுக்கு அஸ்திவாரம் என்று சொல்லிக்கொள்ளும்படி ஒன்றும் இருக்காது. ஒரு மீட்டருக்கு மேல் தள்ளிப் போடச் சொல்லுங்கள்.

பிறகு ஒரு குளிர்காலம் சும்மா இருங்கள். இதைச் சொன்னால் எல்லோருக்கும் கோபம் வருகிறது. ஆனால் எந்த மூலையில் ஈரம் வருகிறது, எந்தச் சுவரில் மழை அடிக்கிறது என்பது குளிர்காலத்தில்தான் தெரியும்.

சுண்ணாம்பு வாங்கும்போது சாக்கின் எழுத்தைப் படியுங்கள். 'என்ஹெச்எல்' என்று மூன்றெழுத்தும் இருந்தால் இயற்கைச் சுண்ணாம்பு, சிமென்ட் சேராதது. 'ஹெச்எல்' அல்லது 'எஃப்எல்' என்று மட்டும் இருந்தால் உள்ளே சிமென்ட் இருக்கலாம், சாக்கின் மேல் பெரிதாகச் சுண்ணாம்பு என்று போட்டிருந்தாலும். பாயின்டிங்குக்கு என்ஹெச்எல் 2 அல்லது 3.5 போதும். 5 வேண்டாம், அது கெட்டி. குளிர் தாங்கவில்லை என்றால் உள்பக்கம் ஹெம்ப் என்னும் நார்ச்செடியின் தண்டுச் சில்லும் சுண்ணாம்பும் கலந்து பூசலாம். கண்ணாடிக் கம்பளி அளவுக்குக் குளிரைத் தடுக்காதுதான், ஆனால் சுவர் ஈரம் காயும்.

தரைக்கு அங்குள்ள பழைய வழி, கற்களைச் செங்குத்தாக நெருக்கி அடுக்கி மேலே சுண்ணாம்புத் தளம் போடுவது. 'எரிஸோன்' என்பார்கள், முள்ளெலி என்று அர்த்தம். கல்லுக்கு அடியில் காற்றுக் குழாய் விட்டு வெளியே இழுத்துவிடலாம். இந்தக் குழாய் ஈரத்துக்காக மட்டும் இல்லை.

கிரானைட் நிலத்தில் யுரேனியம் இருக்கிறது. அது சிதையும்போது ரேடான் என்ற வாயு தரையிலிருந்து வீட்டுக்குள் வரும். நிறம் கிடையாது, மணம் கிடையாது. நுரையீரல் புற்றுநோய்க்குப் புகைக்கு அடுத்த முக்கியக் காரணங்களில் ஒன்று. பிரான்ஸில் ஒரு கனமீட்டர் காற்றுக்கு 300 பெக்கரல் (கதிரியக்கத்தை அளக்கும் அலகு) என்பதை வரம்பாக வைத்திருக்கிறார்கள். அபாயம் அதிகமான ஊர்களில் வீடு விற்பவர் இதைச் சொல்லியாக வேண்டும் என்பது 2018 முதல் சட்டம். பத்திரத்தோடு வரும் தாள்களில் ஒரு வரியாக இருக்கும், யாரும் படிப்பதில்லை. பழைய வீட்டில் ஜன்னல் இடுக்கு வழியாகக் காற்று போய் வந்துகொண்டிருந்தது. இடுக்கை அடைத்துவிட்டு காற்றோட்டக் கருவி வைக்காவிட்டால் ரேடான் தங்கும். அளவிடும் குப்பியின் விலை அதிகமில்லை. குளிர் மாதங்களில் குறைந்தது இரண்டு மாதம் வைத்து, ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும்.

காகித வேலையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஒப்பந்தம் கையில் கிடைத்த பின் பத்து நாள் மனம் மாற்றிக்கொள்ள வாங்குபவருக்கு உரிமை உண்டு. அந்தப் பத்து நாளில் ஈயம், அஸ்பெஸ்டாஸ், மின்சாரம் பற்றிய அறிக்கைகளை உட்கார்ந்து படியுங்கள். 1949க்கு முந்தைய வீட்டுப் பெயின்டில் ஈயம் இருக்கலாம், குழந்தை இருக்கும் வீட்டில் சுரண்டித் தேய்க்காதீர்கள். கழிவுநீர்த் தொட்டி விதிப்படி இல்லை என்று அறிக்கை சொன்னால், வாங்கிய ஓராண்டுக்குள் சரிசெய்வது உங்கள் பொறுப்பு. அதை விலை பேசும்போதே கழியுங்கள். ஜன்னல், கூரை மாற்ற ஊராட்சியில் முன்கூட்டியே அறிவிக்க வேண்டும். பக்கத்தில் பாதுகாக்கப்பட்ட பழைய தேவாலயம் இருந்தால் கெடுபிடி கூடும். வேலை தொடங்குமுன் ஒப்பந்தக்காரரின், வேலையில் பழுது வந்தால் ஈடுகட்டும் பத்தாண்டுக் காப்பீட்டுச் சான்றின் நகலை வாங்கிவையுங்கள். தெரிந்த பையன், ரசீது வேண்டாம் என்றால் 20 சதவீதம் குறைப்பான் என்று வந்தால், பிறகு கேட்க ஆள் இருக்காது. இந்தக் குடும்பத்துக்கும் அதுதான் நடந்தது. வேலை பார்த்தவரின் கைப்பேசி இப்போது அணைந்திருக்கிறது.

அவர்கள் வீட்டில் ஜிப்சம் பலகையைக் கழற்றியாகிவிட்டது. இரண்டு உத்திரங்களின் முனையை வெட்டி, புது ஓக் துண்டு இணைத்தோம். வெளியே சிமென்டை உளியால் எடுக்கிறோம். கல் உடையாமல் எடுக்க ஒரு நாளைக்கு இரண்டு மூன்று சதுர மீட்டர்தான் முடிகிறது. கான்கிரீட் தரையை உடைக்கக் காசு இல்லை. அதனால் இப்போதைக்குக் காற்றோட்டக் கருவி மட்டும் பொருத்தியிருக்கிறோம். ரேடான் குப்பி அடுப்படி அலமாரியில் இருக்கிறது, மார்ச்சில் எடுத்து அனுப்ப வேண்டும்.

"எப்ப அண்ணை திரும்பப் பூசலாம்?" என்று போன வாரம் கேட்டார். அடுத்த கோடைக்கு அடுத்த கோடை என்றேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அதுவரைக்கும் அந்தக் கல்லுச் சுவர் அப்படியே இருந்தாலும் வடிவாத்தான் கிடக்கு" என்றார்.