ஹட்டனில் கம்பைல் செய்தது நோர்வூட்டில் ஓடவில்லை

தேயிலைத் தோட்டங்களின் லயத்து வீடுகளில் தகரப் பெட்டிக்குள் பொத்திவைத்த பழைய பிறப்புச் சான்றிதழ்களையும் பிரஜாவுரிமைப் பத்திரங்களையும் பார்த்திருப்பீர்கள். இலங்கையின் 1948ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டம் மலையகத் தமிழர்களான எங்கள் ஆட்களை நாடற்றவர்களாக்கிய பிறகு, ஒவ்வொரு தாளையும் உயிரைப் போலக் காத்தார்கள். மலையகத்து ஈரத்தில் அவற்றில் பூஞ்சணம் ஏறிவிடுகிறது. ஸ்கேன் செய்த படத்தில் கறையைக் குறைத்து எழுத்தைத் தெளிவாக்க, சி++ மொழியில் சின்ன புரோகிராம் ஒன்று எழுதினேன்.

ஹட்டனில் என் மடிகணினியில் நன்றாக ஓடியது. நோர்வூட் பக்கம் ஒரு வாசிகசாலையிலுள்ள கோர் 2 டுவோ என்ற இன்டெல் புரோசசர் உள்ள பழைய கணினிக்கு அதைக் கொண்டுபோனேன். திறந்தது, கோப்புகளின் பெயர்களை வரிசையாகக் காட்டியது, முதல் படத்தில் கை வைத்ததும் ‘இல்லீகல் இன்ஸ்ட்ரக்‌ஷன்’ என்று, அதாவது தனக்குத் தெரியாத கட்டளை என்று சொல்லி நின்றுவிட்டது.

காரணம், நாம் எழுதுவதைப் புரோசசருக்கான கட்டளைகளாக மாற்றித்தரும் ஜிசிசி கம்பைலருக்கு நான் கொடுத்திருந்த ‘-மார்ச்=நேட்டிவ்’ என்ற அமைப்பு. ‘இந்தக் கணினியின் புரோசசருக்குத் தெரிந்த எல்லாக் கட்டளைகளையும் தாராளமாகப் பயன்படுத்து’ என்பது அதன் பொருள்.

கறுப்பு வெள்ளைப் படத்தில் ஒரு புள்ளிக்கு ஒரு பைட். 64 பிட் இன்டெல், ஏஎம்டி புரோசசர்கள் எல்லாவற்றிலும் உள்ள எஸ்எஸ்இ2 கட்டளைகள், புரோசசருக்குள் உள்ள 128 பிட் ரெஜிஸ்டர் என்ற சிறு இடத்தில் 16 புள்ளிகளை ஒரே தடவையில் கூட்டும். 2013இல் இன்டெலின் ஹாஸ்வெல் புரோசசர்களோடு வந்த ஏவிஎக்ஸ்2, 256 பிட்டில் 32 புள்ளிகளைக் கூட்டும். ஒற்றைக் கையால் கொழுந்து எடுப்பதற்கும் இரண்டு கையாலும் எடுப்பதற்கும் உள்ள வித்தியாசம்தான். ஆனால் வேகம் அப்படியே இரட்டிப்பாகாது. படம் மெமரியிலிருந்து வந்துசேரும்வரை புரோசசர் காத்திருக்க வேண்டுமே.

இன்னொன்று, ஜிசிசி 12க்கு முந்திய பதிப்புகளில் ‘-ஓ2’ என்ற வேகப்படுத்தும் அமைப்பை மட்டும் கொடுத்தால், ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்யும் லூப்களை இப்படிப் பல புள்ளிகளுக்கு ஒரே தடவையில் செய்யும்படி அகலமாக்காது, ‘-ஓ3’ வேண்டும்.

என் மடிகணினிக்குத் தெரிந்த ஏவிஎக்ஸ்2வோ அதற்கு முந்திய ஏவிஎக்ஸோ கோர் 2 டுவோவுக்குத் தெரியாது. தெரியாத கட்டளை வந்ததும் அது லினக்ஸ் இயங்குதளத்தின் மையமான கெர்னலிடம் முறையிடும், கெர்னல் புரோகிராமை நிறுத்திவிடும். பெயர்களைக் காட்டும் பகுதியில் அந்தக் கட்டளை வரவில்லை, அதனால்தான் அதுவரை ஓடியது. இந்தப் பிழையின் ஆபத்தே இதுதான், தொடக்கத்தில் எல்லாம் சரியாக இருப்பது போலவே தெரியும். வாங்கிய வருடத்தை வைத்தும் முடிவு செய்ய முடியாது. ஹாஸ்வெல் காலத்து மலிவு இன்டெல் புரோசசர்களான செலரான்களிலும் ஏவிஎக்ஸ் இல்லை. லினக்ஸில் ‘எல்எஸ்சிபியு’ என்று தட்டி, ‘ஃபிளாக்ஸ்’ வரியில் பார்ப்பதே நம்பகமானது.

‘-எம்டியூன்’ வேறு ரகம். கட்டளைகளை எந்த வரிசையில் அடுக்கினால் குறிப்பிட்ட புரோசசருக்கு வசதி என்று மட்டும் அது பார்க்கும், புதிய கட்டளை எதையும் சேர்க்காது. அதைத் தவறாகக் கொடுத்தால் கொஞ்சம் வேகம் குறையும், புரோகிராம் நிற்காது. என் கருத்தில், மற்றவர்களுக்குக் கொடுக்கும் புரோகிராமில் தைரியமாகக் கைவைக்கக்கூடியது இதுதான்.

‘-மார்ச்=நேட்டிவ்’, ‘-எம்டியூன்’ இரண்டுக்கும் நடுவே, 64 பிட் இன்டெல், ஏஎம்டி புரோசசர்களை அவற்றுக்குத் தெரிந்த கட்டளைகளின்படி பிரித்து 2020இல் வகுத்த எக்ஸ்86-64 படிநிலைகள் இருக்கின்றன. வி3 என்றால் ஏவிஎக்ஸ்2 உண்டு. அதற்குக் கீழேயுள்ள வி2வுக்கு, எஸ்எஸ்இ2வுக்குப் பின் வந்த எஸ்எஸ்இ4.2 வேண்டும், அதுகூட கோர் 2 டுவோவில் இல்லை. ஆக இந்தப் படிநிலைகளில் வாசிகசாலைக்குப் பொருந்துவது அடிப்படை எக்ஸ்86-64 மட்டும்தான்.

அதற்காக என் மடிகணினியின் வேகத்தை விட மனம் வரவில்லை. புரோகிராமில் கறை நீக்கும் பகுதியான ஃபங்ஷனுக்கு மட்டும் ‘டார்கெட்_க்ளோன்ஸ்’ என்ற குறிப்பைச் சேர்த்தேன். கம்பைலர் அதை ஏவிஎக்ஸ்2வுக்கு ஒன்று, சாதாரணமாக ஒன்று என இரண்டு பிரதிகளாக ஆக்கிவைக்கும். புரோகிராம் தொடங்கும்போது புரோசசரைப் பார்த்துப் பொருத்தமானது தேர்வாகும். கோப்பு கொஞ்சம் பெரிதாகிறது, அவ்வளவுதான். அப்புறம் ‘-மார்ச்=எக்ஸ்86-64’ என்று மாற்றிக் கம்பைல் செய்து, அடுத்த ஞாயிற்றுக்கிழமை வாசிகசாலைக்குக் கொண்டுபோனேன். முதலில் திறந்தது ஒரு பாட்டியின் பிறப்புச் சான்றிதழ். மெதுவாகத்தான் வந்தது, ஆனால் பூஞ்சணத்துக்கு அடியிலிருந்த தோட்டத்தின் பெயரை வாசிக்க முடிந்தது.