வலிப்பது புஜம், பழுது எங்கே?

தடுப்பூசி போடுவார்களே, மேல்கையின் அந்த வெளிப்பக்கத்தில் சில மாதங்களாகக் குடைச்சல். அடி படவில்லை, வீக்கமில்லை, எக்ஸ்ரேயிலும் ஒன்றுமில்லை. எங்கே அழுத்தினாலும் "இங்கேதான்" என்று சொல்ல முடியவில்லை. ஆனால் ராத்திரி அந்தப் பக்கம் ஒருக்களித்துப் படுத்தால் தூக்கம் போய்விடுகிறது. இது என்ன வலி என்று கேட்டு ஒரு வாசகி எழுதியிருந்தார்.

கேள்வியிலேயே பாதி பதில் இருக்கிறது. வலிக்கிற இடத்தை அழுத்தியும் வலி கூடவில்லை என்றால், பழுது பெரும்பாலும் அங்கே இல்லை. புஜம் வலிக்கிறது என்று வருகிற பலருக்குக் கோளாறு தோள்மூட்டில் இருக்கும், அல்லது கழுத்தில். சில சமயம் கையோடு சம்பந்தமே இல்லாத உறுப்பில்.

நரம்பு, தண்டுவடம், மூளை எல்லாம் பள்ளியில் படித்ததுதான். நமக்கு வேண்டியது தண்டுவடத்தின் பின்பகுதியில் உள்ள ஒரு சந்திப்பு. தோல், தசை, உள்ளுறுப்பு என எல்லாவற்றிலிருந்தும் வலிச் செய்தி கொண்டுவரும் நரம்பிழைகள் இங்கேதான் அடுத்த நரம்பணுவிடம் அதைக் கைமாற்றுகின்றன. ஓர் இழைக்கு ஓர் அணு என்ற கணக்கு அங்கே கிடையாது. தோலிலிருந்து வரும் இழையும், ஆழத்தில் தசையை எலும்போடு இணைக்கும் தசைநாணிலிருந்து வரும் இழையும் ஒரே அணுவில் வந்து சேரும். வலி என்ற செய்தி மேலே போய்விடும். யார் அனுப்பியது என்ற விவரம் தெளிவாகப் போகாது.

முன்வாசலுக்கும் கொல்லைவாசலுக்கும் சேர்த்து ஒரே காலிங் பெல் வைத்த வீடு மாதிரி இது. மணி அடித்தால் நாம் முன்வாசலுக்குத்தான் ஓடுவோம், தினமும் ஆள் வருவது அந்த வழியாக என்பதால். மூளையும் அப்படித்தான் முடிவு செய்கிறது. தோலிலிருந்து கொசுக்கடி, சூடு, கீறல் என்று நாள் முழுக்கச் செய்தி வருகிறது. தோள்மூட்டின் உள்ளிருந்து வருவது அபூர்வம். அதனால் மணி அடித்ததும், 'புஜத்தில் ஏதோ' என்று எடுத்துக்கொள்கிறது.

சரி, ஏன் குறிப்பாகப் புஜம்? இந்த இடம்தான் எனக்கு எப்போதும் வியப்பு. கரு உருவாகும் நான்காவது வாரத்தில், கழுத்தின் கீழ்ப்பகுதிக்கு நேராகக் கை ஒரு சிறு மொட்டாக முளைக்கிறது. மொட்டு நீள நீள, கழுத்து நரம்புகளும் கூடவே இழுபட்டு நீள்கின்றன. மேல்கையின் வெளித்தோலுக்கு வருவது ஐந்தாவது கழுத்து நரம்பின் கிளை. தோள்மூட்டைச் சுற்றிப் பிடித்திருக்கும் சுழல்தசைகளுக்குப் போவதும் ஐந்தாவது, ஆறாவது நரம்புகளே. அதனால்தான் தோளுக்குள் தசைநாண் நைந்திருந்தாலும், ஒரு சாண் கீழே வலி தெரிகிறது.

நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் தசையான உதரவிதானமும் கருவில் கழுத்துக்குப் பக்கத்தில் தோன்றியதுதான். பிறகு இறங்கி வயிற்றுக்கு மேலே வந்து நின்றுவிட்டது. நரம்பு மட்டும் பழைய ஊரிலிருந்தே, அதாவது மூன்று முதல் ஐந்து வரையிலான கழுத்து நரம்புகளிலிருந்தே, இன்னும் வருகிறது. லேப்ராஸ்கோப்பியில், அதாவது சிறு துளை வழியே செய்யும் அறுவை சிகிச்சையில், பித்தப்பையை எடுத்துக்கொண்டவர்களைக் கேட்டுப் பாருங்கள். வயிற்றைவிடத் தோள்தான் வலித்தது என்று சிலர் சொல்வார்கள். வயிற்றுக்குள் செலுத்திய வாயு உதரவிதானத்தை உறுத்துவதால் வரும் வலி அது.

1938இல் லண்டனில் ஜோனாஸ் கெல்கிரன் என்ற இளம் மருத்துவர், பழுது ஓரிடம் வலி வேறிடம் என்ற இந்த விஷயத்தைச் சோதித்தார். 6 சதவீத உப்புநீரைத் தன் தசைகளிலும் தன்னார்வலர்களின் தசைகளிலும் துளித்துளியாக ஊசியால் செலுத்தி, வலி எங்கே தெரிகிறது என்று வரைபடம் போட்டார். தோலில் ஏற்றினால் அந்த இடத்திலேயே சுருக்கென்றது. தசையின் ஆழத்தில் ஏற்றினாலோ மந்தமான வலி வெகுதூரத்தில் பரவியது. ஓர் ஊசி, கொஞ்சம் உப்புநீர், பொறுமையான மனிதர்கள், அவ்வளவுதான் செலவு. வலி ஆராய்ச்சிக்குப் பெரிய இயந்திரம் வந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று பணம் ஒதுக்காமல் இருப்பவர்கள் இதைப் படிக்க வேண்டும்.

இனி கையைப் பாருங்கள். கையைப் பக்கவாட்டில் மெல்லத் தூக்கும்போது, சுமார் 60 டிகிரியிலிருந்து 120 வரை வலித்து அதற்கு மேல் குறைந்தால், சுழல்தசை நாணில் சந்தேகம். கழுத்தைத் திருப்பும்போது வலி கைக்கு இறங்கி, உள்ளங்கையைத் தலைமேல் வைத்தால் சுகமாக இருந்தால், கழுத்து நரம்பு நெருக்கப்பட்டிருக்கலாம். முழங்கையை இடுப்போடு ஒட்டி மடக்கி வைத்து, வேறொருவர் முன்கையை மெதுவாக வெளிப்பக்கம் திருப்பினாலும் திரும்ப மறுத்தால், அது மூட்டு இறுகிப்போகும் 'உறைந்த தோள்' (ஃப்ரோசன் ஷோல்டர்) ஆக இருக்கலாம். முதுகுப்பக்கம் ஜாக்கெட் கொக்கி மாட்ட முடியவில்லை, பின்பாக்கெட் பர்ஸை எடுக்க முடியவில்லை என்பதெல்லாம் இதன் ஆரம்பப் புகார்கள். மருத்துவர் பார்த்துத்தான் உறுதி செய்ய வேண்டும்.

ஒன்றை மட்டும் தள்ளிப்போடக் கூடாது. கைவலியோடு நெஞ்சு இறுக்கம், வியர்வை, மூச்சுத்திணறல், குமட்டல் ஏதாவது சேர்ந்தாலோ, நடந்தால் வந்து நின்றால் விடும் கைவலி என்றாலோ, அது இதயமாக இருக்கலாம். இதயத்தின் நரம்பிழைகளும் கையின் உட்புறத் தோலின் இழைகளும் தண்டுவடத்தில் பக்கத்துப் பக்கத்தில்தான் நுழைகின்றன. "வாய்வுப் பிடிப்பு, சோடா குடித்தால் சரியாகிவிடும்" என்ற பேச்சு நம் ஊரில் எத்தனையோ பேரின் பொன்னான நேரத்தைத் தின்றிருக்கிறது. நெஞ்சுவலி, வியர்வை வந்துவிட்டால் 108ஐ அழையுங்கள். சர்க்கரை நோயாளிகளுக்கு நெஞ்சுவலியே இல்லாமலும் மாரடைப்பு வரலாம்.

தோள்தான் காரணம் என்று தெரிந்த பிறகு, புஜத்தை எண்ணெய் போட்டு உருவிவிடுவதில் பெரிய பயன் இல்லை. கையைத் தூளியில் கட்டி அசையாமல் வைப்பதும் தப்பு; மூட்டு இன்னும் இறுகும். நல்ல கையை மேசையில் ஊன்றிக் குனிந்து, வலிக்கும் கையைத் தொங்கவிட்டுச் சிறு வட்டமாக ஊசலாட்டுங்கள். தாங்கக்கூடிய அளவுக்கு, தினமும் சில தடவை. வலிமாத்திரையும் மூட்டுக்குள் போடும் ஸ்டீராய்டு ஊசியும் மருத்துவர் முடிவு.

உறைந்த தோள் ஒன்றிரண்டு வருடம் இழுக்கும், சிலருக்கு அதற்கும் மேல். சர்க்கரை நோயாளிகளை அது அதிகம் பிடிக்கிறது. இந்தியாவில் சர்க்கரை நோயோடு வாழ்பவர்கள் 10 கோடிக்கும் மேல் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐசிஎம்ஆர்) ஆய்வு 2023இல் சொன்னது. அப்படியானால் ஒவ்வொரு ஆரம்ப சுகாதார நிலையத்திலும் ஒரு பிசியோதெரபிஸ்ட் இருக்க வேண்டாமா? தோள் இறுகிப்போன ஒருவர் கடைசியாகச் சர்க்கரை பார்த்து வெகுநாளாகியிருந்தால், மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் எச்பிஏ1சி ரத்தப் பரிசோதனையை இந்த வாரமே பார்த்துவிடுவது நல்லது. சிலருக்குச் சர்க்கரை இருப்பதே தோள் சொல்லித்தான் தெரியவருகிறது.