வெளியே காற்றை நிறுத்துங்கள், உள்ளே ஓடவிடுங்கள்: பள்ளியின் குளிர்காலச் சுற்றறிக்கைக்குள் இருக்கும் அறிவியல்

கடுங்குளிர் நாடுகளில் குளிர்காலம் தொடங்கியதுமே தொடக்கப் பள்ளிகளிலிருந்து வீட்டுக்கு ஒரு சுற்றறிக்கை வந்துவிடும். ஒன்றின்மேல் ஒன்றாக உடை அணிவித்து அனுப்புங்கள். மாற்றுக் கையுறையும் சாக்ஸும் பையில் இருக்கட்டும். இடைவேளையில் பிள்ளைகள் வெளியேதான் விளையாடுவார்கள். சோப்புப் போட்டுக் கை கழுவப் பழக்குங்கள். காய்ச்சல் விட்டு முழுதாக ஒரு நாள் ஆன பிறகே பள்ளிக்கு அனுப்புங்கள். கட்டளைகள் இருக்கும், காரணங்கள் இருக்காது. காரணம் தெரியாத கட்டளையைத்தான் காலை அவசரத்தில் முதலில் விட்டுவிடுகிறோம். அதனால் அந்தக் காரணங்களைப் பெற்றோர் அறிந்திருப்பது மிக அவசியம் என்று நினைக்கிறேன். அவற்றில் பெரும்பாலானவை காற்றையும் நீரையும் சுற்றியே வருகின்றன. பிள்ளையின் உடலை ஒட்டியுள்ள காற்றை அசையாமல் பிடித்து வைக்க வேண்டும். வகுப்பறைக்குள் இருக்கும் காற்றையோ தேங்கவிடவே கூடாது.

முதலில் பிள்ளையின் உடலைப் பார்ப்போம். உடல் தன் எடைக்கு ஏற்ப வெப்பத்தை உண்டாக்குகிறது. தோலின் பரப்புக்கு ஏற்ப அதை இழக்கிறது. 20 கிலோ எடையுள்ள ஆறு வயதுக் குழந்தையின் தோல் பரப்பு சுமார் 0.8 சதுர மீட்டர். 70 கிலோ எடையுள்ள பெரியவருக்கு அது சுமார் 1.8 சதுர மீட்டர். எடையோடு ஒப்பிட்டால், ஒவ்வொரு கிலோவுக்கும் குழந்தைக்கு 400 சதுர சென்டிமீட்டர் தோல் இருக்கிறது, பெரியவருக்கு 260 சதுர சென்டிமீட்டர் அளவுதான். அதாவது குழந்தையின் உடலிலிருந்து வெப்பம் வெளியேறும் வாசல் ஒன்றரை மடங்கு பெரியது. பள்ளி வாசலில் நிற்கும் அப்பாவுக்கு 'இந்தக் குளிர் தாங்கக்கூடியதுதான்' என்று தோன்றுவது பிள்ளைக்கு அளவுகோல் ஆகாது. அதே பிள்ளை ஓடியாடத் தொடங்கினால் நிலைமை தலைகீழாகிறது. ஓடும் உடல், சும்மா நிற்கும் உடலைப்போலப் பல மடங்கு வெப்பத்தை உண்டாக்கும், வியர்க்கும். ஆகவே குளிர்கால உடை இரண்டு வேலைகளைச் செய்தாக வேண்டும். நிற்கும்போது வெப்பத்தைக் காக்க வேண்டும், ஓடும்போது வியர்வையை வெளியேற்ற வேண்டும்.

கம்பளி உடை தானாகச் சூட்டைத் தருவதில்லை. அது செய்வதெல்லாம் காற்றைச் சிறைப்பிடிப்பதுதான். அசையாத காற்று வெப்பத்தை மிக மோசமாகக் கடத்தும். நீர் அதைவிட 20 மடங்குக்கும் மேல் நன்றாகக் கடத்தும். சுருண்டு கிடக்கும் கம்பளி இழைகளுக்கு நடுவே காற்று சிக்கிக்கொள்கிறது, நகர முடியாமல் நிற்கிறது, உடல் அதைச் சூடாக்குகிறது. தடித்த ஒற்றை உடையைவிட மூன்று மெல்லிய உடைகள் மேலானவை என்பதற்குக் காரணம் இதுதான்: ஒவ்வோர் அடுக்குக்கும் இடையில் இன்னொரு காற்றுப் படலம் கிடைக்கிறது. உடலை ஒட்டிய அடுக்கு வியர்வையை வெளியே கடத்த வேண்டும். நடு அடுக்கு காற்றைப் பிடிக்க வேண்டும். மேல் அடுக்கு வெளிக்காற்றையும் பனியையும் தடுக்க வேண்டும். பிள்ளைக்கு வியர்க்கும்போது நடு அடுக்கைக் கழற்றிக்கொள்ளலாம் என்ற வசதியும் இதில் இருக்கிறது.

இறுக்கமான உடை இந்த ஏற்பாட்டையே கெடுத்துவிடும். காலணிக்குள் இரண்டு ஜோடி சாக்ஸைத் திணித்து அனுப்பினால் காற்றுக்கு இடமில்லாமல் போகிறது. பாதத்துக்கு வரும் ரத்த ஓட்டமும் நெருக்கப்படுகிறது. நல்ல எண்ணத்தில் செய்த காரியம் பாதத்தை முன்னைவிட விரைவாகக் குளிரச் செய்துவிடும்.

காரில் பிள்ளையைப் பள்ளிக்கு அழைத்துச் செல்பவர்கள் இதே காற்றின் மறுபக்கத்தையும் தெரிந்துகொள்ள வேண்டும். உப்பலான கோட்டோடு குழந்தையை இருக்கையில் அமர்த்தி வாரைப் பூட்டினால், வார் இறுக்கமாக இருப்பதுபோலத் தெரியும். உண்மையில் அது கோட்டுக்குள் இருக்கும் காற்றைத்தான் இறுக்கிக்கொண்டிருக்கிறது. மோதல் நேர்ந்தால் அந்தக் காற்று கணப்பொழுதில் நசுங்கி வெளியேறும், வார் தளர்ந்துவிடும், குழந்தை அதிலிருந்து நழுவ வாய்ப்பு உண்டு. கோட்டைக் கழற்றி, வாரைப் பூட்டி, அதன்மேல் கோட்டைப் போர்வையாகப் போர்த்துவதுதான் பாதுகாப்பு. இந்த ஒன்றை மட்டும் எந்த அவசரத்திலும் விட்டுவிடாதீர்கள்.

இனி நீர். பனியில் உருண்டு விளையாடிய பிள்ளையின் கையுறை நனைந்துவிட்டால் இரண்டு இழப்புகள் ஒன்றாக நேர்கின்றன. காற்று இருந்த இடத்தை நீர் பிடித்துக்கொள்கிறது, ஆகவே வெப்பம் எளிதாகக் கடத்தப்படுகிறது. அந்த நீர் ஆவியாகத் தொடங்கும்போது இன்னும் பெரிய இழப்பு. தோலின் மேல் ஒரு கிராம் நீர் ஆவியாகச் சுமார் 2,400 ஜூல் வெப்பம் வேண்டும். 20 கிலோ குழந்தையின் உடல் முழுவதையும் ஒரு டிகிரி குளிர்விக்கச் சுமார் 70,000 ஜூல் வெளியேறினால் போதும். கணக்குப் போட்டுப் பாருங்கள்: ஆவியாக வேண்டிய நீர் வெறும் 30 கிராம், இரண்டு மேசைக்கரண்டி அளவு. ஆவியாக்கும் வெப்பத்தில் ஒரு பகுதி சுற்றியுள்ள காற்றிலிருந்தும் வரும்; உடலும் இடைவிடாமல் வெப்பத்தை உண்டாக்கிக்கொண்டே இருக்கும். ஆகவே அந்த ஒரு டிகிரி அப்படியே குறைந்துவிடாது. ஆனாலும் ஈரத்தின் ஆற்றலை இந்தக் கணக்கு காட்டிவிடுகிறது. பையில் வைக்கும் மாற்றுக் கையுறை அலங்காரம் அல்ல; அந்த நாளின் மிக முக்கியமான உடை அதுவாகவும் இருக்கலாம்.

பருத்தியின் குறையும் இங்கேதான் தெரிகிறது. பருத்தி வியர்வையை உறிஞ்சித் தோலோடு ஒட்டிக்கொள்ளும், உலர நேரமாகும். கம்பளி தன் எடையில் ஏறக்குறைய 30 சதவீதம் வரை ஈரத்தை இழைக்குள் வாங்கிக்கொண்டும் தொடுவதற்கு நனையாததுபோல இருக்கும். பாலியஸ்டர் இழை நீரை உறிஞ்சுவதே மிகக் குறைவு, ஆகவே சீக்கிரம் உலர்ந்துவிடும். வெயில் காலத்தில் பருத்தியை நாம் விரும்புவதற்குக் காரணமான அதே குணம், பனியில் நமக்கு எதிராக வேலை செய்கிறது.

குளிர் கூடும்போது உடல் மூளையையும் இதயத்தையும் காப்பதற்காகக் கைகால்களுக்குப் போகும் ரத்தத்தைக் குறைக்கிறது. விரல், காது, மூக்கு நுனி ஆகியவை முதலில் உறைவது அதனால்தான். ஐந்து விரல்களையும் தனித்தனியாகப் பிரிக்கும் கையுறையைவிட, நான்கு விரல்களையும் ஒரே பைக்குள் வைக்கும் கையுறை சிறு பிள்ளைகளுக்கு ஏற்றது. விரல்கள் ஒரே காற்றைப் பகிர்ந்துகொள்கின்றன. வெளியே தெரியும் பரப்பும் குறைகிறது. உடல் வெப்பத்தில் பாதி தலை வழியாகப் போய்விடுகிறது என்று பலர் சொல்வதுண்டு, அது சரியல்ல. பெரியவரின் தலை உடல் பரப்பில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குதான். இழப்பும் கிட்டத்தட்ட அந்த அளவில்தான் இருக்கும். சிறு பிள்ளைகளுக்கு உடலோடு ஒப்பிடும்போது தலை பெரிது, ஆகவே தொப்பி அவர்களுக்கு நம்மைவிட அதிகம் தேவை.

இடைவேளையில் பிள்ளைகளை வெளியே விடலாமா என்று பள்ளிகள் முடிவு செய்ய உதவும் 'உணரும் வெப்பநிலை' என்ற எண்ணுக்கு அன்டார்க்டிகாவில் பிறந்த கதை ஒன்று உண்டு. அமெரிக்க ஆய்வாளர்கள் பால் சைப்பிள், சார்லஸ் பாசெல் இருவரும் ஒரு சிறு பிளாஸ்டிக் உருளையில் நீரை நிரப்பி வெளியே தொங்கவிட்டார்கள். வெவ்வேறு காற்று வேகத்தில் அது உறைய எவ்வளவு நேரமாகிறது என்று அளந்தார்கள். 1945-இல் அந்த முடிவுகள் வெளியாயின. தோலை ஒட்டி உடல் சூடாக்கி வைத்திருக்கும் மெல்லிய காற்றுப் படலத்தை வீசும் காற்று அடித்துச் சென்றுவிடுகிறது என்பதை அவை எண்களாக்கிக் காட்டின. மனித முகத்தின் வெப்ப இழப்பை அடிப்படையாகக் கொண்ட புதிய சூத்திரத்தைக் கனடாவும் அமெரிக்காவும் 2001-இல் ஏற்றுக்கொண்டன. அதன்படி வெப்பநிலை மைனஸ் 10 டிகிரி, காற்று மணிக்கு 30 கிலோமீட்டர் என்றால், தோலுக்கு அது காற்றில்லாத மைனஸ் 20 டிகிரியைப் போன்றது. இந்த 'உணரும் வெப்பநிலை' மைனஸ் 28-க்குக் கீழே போனால், மூடாத தோல் 10 முதல் 30 நிமிடங்களில் உறையக்கூடும் என்று கனடாவின் வானிலைத் துறை எச்சரிக்கிறது. ஒரு நுணுக்கம்: காற்று எவ்வளவு வேகமாக வீசினாலும் உலர்ந்த எந்தப் பொருளையும் சுற்றுப்புற வெப்பநிலைக்குக் கீழே குளிர்விக்காது. வெளியே பூஜ்யத்துக்கு மேல் ஓரிரு டிகிரி இருந்தால், எத்தனை வேகமான காற்றிலும் தோல் உறையாது. ஆனால் நனைந்த பிள்ளையின் உடல் வெப்பம் ஆபத்தான அளவுக்கு இறங்க முடியும்.

இவ்வளவு சிரமம் இருக்கும்போது பிள்ளைகளை உள்ளேயே வைத்துக்கொள்ளலாமே என்று கேட்கும் பெற்றோரின் கவலை புரிகிறது. எனினும் ஆபத்தான அளவுக் குளிர் இல்லாத நாட்களில் வெளியே விடுவதே சரி என்பது என் உறுதியான கருத்து. மேகமூட்டமான நாளிலும் வெளியே இருக்கும் வெளிச்சம் வகுப்பறையின் வெளிச்சத்தைவிடப் பல மடங்கு அதிகம். வளரும் கண்ணுக்கு அந்த வெளிச்சம் தேவை. அது விழித்திரையில் டோபமைன் என்ற வேதிப்பொருளின் சுரப்பைக் கூட்டி, கண்கோளம் அளவுக்கு மீறி நீண்டு கிட்டப்பார்வை வருவதைத் தடுக்கிறது என்பது ஆய்வாளர்கள் முன்வைக்கும் விளக்கம். சீனாவின் குவாங்சோ நகரில் 12 பள்ளிகளின் முதல் வகுப்புப் பிள்ளைகளிடம் நடந்த ஆய்வின் முடிவு 2015-இல் வெளியானது. தினமும் 40 நிமிடம் கூடுதலாக வெளியே இருந்த பள்ளிகளில் மூன்று ஆண்டுகளில் சுமார் 30 சதவீதப் பிள்ளைகளுக்குக் கிட்டப்பார்வை வந்தது. வழக்கம்போல நடந்த பள்ளிகளில் அது சுமார் 40 சதவீதம். பகல் குறுகிய குளிர்காலத்தில் பள்ளி இடைவேளையை விட்டால் பல பிள்ளைகளுக்கு வெளிச்சம் பார்க்க வேறு நேரமே கிடைப்பதில்லை.

மணி அடித்ததும் எல்லாரும் உள்ளே வருகிறார்கள். இங்கேதான் காற்றின் கதை திரும்புகிறது. பூஜ்யம் டிகிரியில் ஒரு கன மீட்டர் காற்று அதிகபட்சம் ஏறக்குறைய 4.8 கிராம் நீராவியைத்தான் தாங்கும். 20 டிகிரியில் அதே காற்று 17 கிராமுக்கு மேல் தாங்கும். வெளிக்காற்றை உள்ளே கொண்டுவந்து ஹீட்டரால் சூடாக்கும்போது நீராவியின் அளவு மாறுவதில்லை, தாங்கும் திறன் மட்டும் ஏறுகிறது. வெளியே 100 சதவீத ஈரப்பதம் இருந்த காற்று உள்ளே 30 சதவீதத்துக்கும் கீழே இறங்கிவிடுகிறது. வெளியே மைனஸ் 10 டிகிரி என்றால் உள்ளே 15 சதவீதத்துக்கும் கீழேதான். உதடு வெடிப்பதும், மூக்கில் ரத்தம் கசிவதும் இதனால்தான்.

ஃப்ளூ வைரஸ் இந்த வறட்சியைப் பயன்படுத்திக்கொள்கிறது. 2007-இல் ஏனிஸ் லோவன், பீட்டர் பலேசே குழுவினர் கினிப் பன்றிகளைக் கூண்டுகளில் வைத்து வெப்பநிலையையும் ஈரப்பதத்தையும் மாற்றி மாற்றிச் சோதித்தார்கள். குளிரும் வறட்சியும் இருந்தபோது வைரஸ் ஒரு விலங்கிலிருந்து இன்னொன்றுக்கு எளிதாகப் பரவியது. 20 டிகிரியில் ஈரப்பதம் 80 சதவீதமாக இருந்தபோது பரவல் நின்றது. உடலின் தற்காப்பும் தளர்கிறது. மூச்சுக்குழாயின் உட்சுவரில் உள்ள நுண்மயிர்கள் சளியோடு சேர்த்துக் கிருமிகளை வெளியே தள்ளுகின்றன. வறண்ட காற்றில் அந்த வேலை மந்தமாகிறது என்பதை அகிகோ இவாசாகி குழுவினர் 2019-இல் எலிகளிடம் காட்டினார்கள். சாதாரணச் சளியை உண்டாக்கும் ரைனோவைரஸுக்கு எதிராக மூச்சுப்பாதைச் செல்கள் காட்டும் எதிர்ப்பு, 37 டிகிரியைவிட மூக்கின் 33 டிகிரியில் பலவீனமாக இருப்பதையும் அதே ஆய்வகம் 2015-இல் எலியின் செல்களில் கண்டது. குளிர் தனியாக யாருக்கும் சளியைத் தராது, வைரஸ் வேண்டும். ஆனால் வந்த வைரஸுக்குக் கதவைத் திறந்துவிடும்.

வைரஸ் எப்படி வருகிறது? மூடிய அறையில், மற்றவரின் மூச்சு வழியாக. வெளிக்காற்றில் கார்பன் டை ஆக்சைடு பத்து லட்சத்தில் சுமார் 420 பங்கு. நாம் வெளிவிடும் மூச்சில் சுமார் 40,000 பங்கு. வகுப்பறையில் அளவிட்டு 1,200 என்று வந்தால், அங்கே உள்ளிழுக்கும் காற்றில் ஏறக்குறைய 2 சதவீதம் இன்னொருவரின் நுரையீரலுக்குள் போய்வந்தது என்று பொருள். ஜன்னலைச் சில நிமிடம் அகலத் திறந்தால் இந்தப் பங்கு சரிந்துவிடும். அறை குளிர்ந்துவிடுமே என்று அஞ்ச வேண்டியதில்லை. அறையின் வெப்பத்தில் மிகச் சிறு பகுதியே காற்றில் இருக்கிறது. மீதி சுவரிலும் தரையிலும் மேசையிலும் தேங்கியிருக்கிறது. ஜன்னலை மூடிய சற்று நேரத்தில் அவை புதிய காற்றைச் சூடாக்கிவிடும். பள்ளி இதைச் செய்கிறதா என்று பெற்றோர் கேட்கலாம், கேட்க வேண்டும்.

காற்றோட்டத்தால் மட்டும் அடங்காத ஒரு குளிர்கால வைரஸும் உண்டு. 1968-இல் அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில் நார்வாக் என்ற ஊரின் தொடக்கப் பள்ளியில் பிள்ளைகளும் ஆசிரியர்களுமாக ஏறக்குறைய பாதிப் பேர் வாந்தியெடுத்துப் படுத்தார்கள். அங்கிருந்து சேகரித்த மாதிரியிலிருந்தே 1972-இல் ஆல்பர்ட் கபிக்கியன் எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் அந்த வைரஸைக் கண்டார். நோரோவைரஸ் என்று இன்று அழைக்கப்படுவது அதுதான். மிகச் சொற்பமான துகள்களே ஒருவரை நோயில் தள்ளப் போதும். ஃப்ளூ வைரஸுக்குக் கொழுப்பாலான மேலுறை இருக்கிறது. ஆல்கஹால் சானிடைசர் அதைக் குலைத்துவிடும். நோரோவைரஸுக்கு அந்த உறையே கிடையாது, சானிடைசர் அதன்மேல் சரியாக வேலை செய்வதில்லை. சோப்பும் ஓடும் நீரும் அதைக் கொல்வதில்லை என்றாலும் தோலிலிருந்து கழற்றி அடித்துச் சென்றுவிடுகின்றன. விரலிடுக்கு, நகக்கண் எல்லாம் தேய்த்துக் கழுவ 20 வினாடி ஆகும். சாப்பிடும் முன்பும் கழிப்பறை போய்வந்த பின்பும் பிள்ளைகளுக்கு அந்த நேரம் தரப்பட வேண்டும்.

காய்ச்சல் விட்டு 24 மணி நேரம் என்ற விதியைப் பற்றி. பாராசிட்டமால் மூளையின் வெப்பக் கட்டுப்பாட்டை இறக்கிவிடுகிறது. வைரஸை அது தொடுவதே இல்லை. காலையில் மருந்து கொடுத்து அனுப்பிய பிள்ளையின் நெற்றி பள்ளி வாசலில் குளிர்ந்திருக்கும், மூச்சிலோ வைரஸ் முன்போலவே இருக்கும். மதியத்துக்குள் மருந்தின் வேகம் தணிந்து காய்ச்சல் திரும்பும். ஆகவே அந்த ஒரு நாள், மருந்தில்லாமல் கழிந்த ஒரு நாளாக இருக்க வேண்டும். வாந்தியும் வயிற்றுப்போக்கும் என்றால் நின்றபின் 48 மணி நேரம் காத்திருப்பது நல்லது, ஏனென்றால் பிள்ளை தெம்பாக எழுந்து நடமாடத் தொடங்கிய பிறகும் நோரோவைரஸ் பல நாட்கள் மலத்தில் வெளியேறிக்கொண்டிருக்கும். பெற்றோர் இருவரும் வேலைக்குப் போகும் வீட்டில் இரண்டு நாள் விடுப்பு எளிதல்ல. அதனால் பிள்ளை நோயில் விழும் முன்பே, அந்த இரண்டு நாளும் யார் வீட்டில் இருப்பது என்று குளிர்காலத் தொடக்கத்திலேயே பேசி முடிவு செய்துகொள்ளுங்கள்.