தேக்கா சுண்டெலியின் பூர்வீகம்

சிங்கப்பூரின் தேக்கா பக்கம் ஏதாவதொரு மளிகைக் கடையில் அரிசி மூட்டைக்குப் பின்னால் ஓடி மறைவதை எலிக்குஞ்சு என்று சொல்லிவிடுகிறோம். பெரும்பாலும் அது குஞ்சல்ல. நன்றாக வளர்ந்த சுண்டெலி, எலியிலிருந்து வேறான இனம். அறிவியலில் அதற்குப் பெயர் மஸ் மஸ்குலஸ். அதில் மூன்று முக்கியத் துணையினங்கள் உண்டு. மேற்கு ஐரோப்பாவிலிருந்து கப்பலேறி அமெரிக்காவையும் ஆஸ்திரேலியாவையும் பிடித்தது டொமெஸ்டிகஸ். கிழக்கு ஐரோப்பா முதல் வட ஆசியா வரை மஸ்குலஸ். தெற்காசியாவிலும் நம் தென்கிழக்காசிய வட்டாரத்திலும் காஸ்டேனியஸ். மூன்றும் பிரிந்து ஏறக்குறைய 3.5 முதல் 5 லட்சம் ஆண்டுகள் ஆகின்றன.

பூர்வீகத்தை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்? ஓர் இனம் நெடுங்காலம் பெருங்கூட்டமாக வாழும் இடத்தில் மரபணு மாற்றங்கள் தலைமுறைதோறும் சேர்ந்துகொண்டே போகும். அங்கிருந்து சில எலிகள் மட்டும் புறப்பட்டால், மூட்டையிலிருந்து அள்ளிய ஒரு பிடி போல, அந்த வகைகளில் கொஞ்சமே உடன் போகும். ஆகவே வேறுபாடு மிகுந்த திசையை நோக்கிப் பின்னே நடந்தால் தாயகம் தென்படும். சுண்டெலி விஷயத்தில் அந்தத் தடம் இந்தியத் துணைக்கண்டத்துக்கும் அதன் வடமேற்கு எல்லைப் பகுதிக்கும் இட்டுச் செல்கிறது. வடமேற்கு இந்தியக் காஸ்டேனியஸ் எலிகளின் மரபணு வேறுபாட்டைத் தாங்க, இனப்பெருக்கம் செய்யும் எலிகள் 5 லட்சத்துக்கும் மேல் தேவை என்று கணக்கிட்டிருக்கிறார்கள். அதே கணக்கில் மனித இனத்துக்குச் சுமார் 10,000 பேர் போதும்! கோடிக்கணக்கில் பெருகிய நாம் இதில் சுண்டெலியிடம் தோற்றுப்போகிறோம்.

ஆய்வுக்கூட எலியோ இதற்கு நேர் எதிர். 1921இல் உருவான சி57பிளாக்6 வம்சத்தில் உடன்பிறந்தவற்றையே தலைமுறை தலைமுறையாக இணைசேர்த்தார்கள். இன்று அவை அனைத்தும் அச்சு அசலாக ஒன்று. மரபணுத் தொகுதியில் பெரும்பகுதி டொமெஸ்டிகஸ். சோதனைக்கு அந்தச் சீர்மை வசதிதான். ஆனால் பல நோய்களைப் பற்றி நாம் அறிந்தது இப்படி ஒற்றைக் குடும்பத்தை வைத்துத்தான் என்பது எனக்கு உறுத்துகிறது.

ஆய்வுக்கூடத்துக்கு வெளியே திரியும் சுண்டெலிகளுக்குப் புது மரபணு வகைகளைப் பெற இன்னொரு வழியும் உண்டு: வேற்றினத்திடம் கடன் வாங்குவது. ரத்தம் உறைய உதவும் வைட்டமின் கே சத்தை மீட்டெடுக்கும் நொதியை, 1950களில் பரவிய வார்ஃபரின் எலிமருந்து முடக்கிவிடும். ஸ்பெயினில் வாழும் மஸ் ஸ்பிரெட்டஸ் என்ற வேற்றினத்திடம் அந்த நொதிக்கான மரபணு சற்று மாறுபட்டது. இரண்டு இனங்களும் கலந்தால் பிறக்கும் ஆண்குட்டிகள் பெரும்பாலும் மலடு. பெண்குட்டிகள் வழியாக மரபணு வீட்டுச் சுண்டெலிக்குள் நுழைந்துவிட்டது. மருந்து வைக்க வைக்க அதைப் பெற்றவையே பிழைத்தன. இன்று ஸ்பிரெட்டஸ் இனமே இல்லாத ஜெர்மனியிலும் அந்த மரபணுவோடு சுண்டெலிகள் திரிகின்றன.