பட்டாளத்தில் இருப்பவருக்கு விவாகரத்து சம்மன் வந்தால்

தொண்டி, தேவிபட்டினம், சாயல்குடிப் பக்கமிருந்து வரும் பட்டாளத்துக் குடும்பங்களிடம் இரண்டு நம்பிக்கைகளைப் பார்க்கிறேன். “மிலிட்டரில இருக்கிற பையன் மேல கேஸே போட முடியாதுல்ல சார்?” என்பார் பையனின் அப்பா. “அவருகிட்ட ஜீவனாம்சம் வாங்கவே முடியாதாமே?” என்பார் பெண்ணின் அம்மா. இரண்டும் தவறு. படைவீரருக்குச் சட்டம் கொஞ்சம் அவகாசம் தருகிறது. அதையும் காகிதத்தைக் காட்டிக் கேட்டால்தான் தரும்.

சம்மனிலேயே சிக்கல் ஆரம்பித்துவிடுகிறது. எதிர்மனுதாரர் படைவீரர் என்றால், உரிமையியல் நடைமுறைச் சட்டப்படி சம்மன் அவருடைய கமாண்டிங் ஆபீசருக்கு, அதாவது யூனிட்டின் தலைமை அதிகாரிக்கு, போக வேண்டும். மனுவில் ஊர் விலாசத்தை மட்டும் எழுதியிருந்தால் அது வீட்டுக்கு வரும். “எல்லையில நிக்கிற பிள்ளை மனசை ஏன் கெடுக்கணும்” என்று அம்மா அதை பீரோவில் வைத்துவிடுவார். பாசம்தான், ஆனால் வாய்தா போய், அவர் தரப்பைக் கேட்காமலே வழக்கு எக்ஸ்பார்ட்டி (ஒருதலைப்பட்சம்) ஆகிவிடும். சம்மன் வந்த அன்றைக்கே போட்டோ எடுத்து மகனுக்கு அனுப்பிவிடுங்கள்.

அவர் போர்ச் சூழலிலோ, கடல் கடந்தோ, மத்திய அரசு சிறப்புச் சூழல் என்று அறிவித்த பணியிலோ இருந்தால், 1925-ஆம் ஆண்டின் இந்தியப் படைவீரர்கள் வழக்குச் சட்டம் கைகொடுக்கும். உரிய ராணுவ அதிகாரி சான்று அனுப்பினால் நீதிமன்றம் விசாரணையைத் தள்ளிவைக்கும். அந்தக் காலத்தில் அவருக்கு எதிராக ஒருதலைப்பட்சமாகத் தீர்ப்பு வந்திருந்தால், அதை ரத்து செய்யக் கேட்கவும் வழி உண்டு. உள்நாட்டில் அமைதியான முகாமில் இருப்பவர் இந்தச் சட்டத்தை நம்பி உட்கார்ந்திருக்கக் கூடாது.

அவருக்கு உதவுவது ராணுவச் சட்டம், 1950-இன் 32-ஆவது பிரிவு. வழக்குக்காக லீவு கேட்டிருக்கிறார் அல்லது கிடைத்திருக்கிறது என்று யூனிட்டிலிருந்து சான்று கொடுத்தால், முடிந்தவரை அந்த லீவுக்குள் வழக்கை விசாரித்து முடிக்க நீதிமன்றம் ஏற்பாடு செய்ய வேண்டும். வடகிழக்கிலிருந்து ராமநாதபுரம் வந்து சேரவே சில நாள் ரயிலில் போய்விடும் என்பதால், ஊருக்கு வந்த பிறகு வக்கீலைத் தேடாமல் லீவுக்கு எழுதும்போதே இந்தச் சான்றையும் கேட்டு வைப்பது நல்லது. லீவே கிடைக்கவில்லையா? கமாண்டிங் ஆபீசர் முன்னிலையில் கையெழுத்திட்டு, அப்பாவுக்கோ அண்ணனுக்கோ வழக்கை நடத்த அதிகாரம் கொடுக்கலாம். சமரசப் பேச்சுக்கு மட்டும் அவரே வருவதுதான் சரி என்பது என் கருத்து. கணவன் மனைவி பேச வேண்டியதை மாமனார் பேசினால் சண்டை பெரிதாகத்தான் ஆகும்.

இப்போது பெண் வீட்டாருக்கு. சிவில் நீதிமன்ற உத்தரவை வைத்து ராணுவச் சம்பளத்தை ஜப்தி செய்ய முடியாது, ராணுவச் சட்டத்தின் 28-ஆவது பிரிவு தடுக்கிறது. ‘வாங்கவே முடியாது’ என்ற பேச்சு இதிலிருந்துதான் கிளம்பியிருக்க வேண்டும். ஆனால் அதே சட்டத்தின் 90, 91-ஆவது பிரிவுகள், மனைவி மக்கள் பராமரிப்புக்காகச் சம்பளத்தில் பிடித்தம் செய்ய ராணுவத்துக்கே அதிகாரம் தருகின்றன. திருமண ஆதாரத்தோடு யூனிட்டுக்கு மனு எழுதலாம். எந்த மதத்துத் திருமணமானாலும் இது பொருந்தும். நீதிமன்றத்தில் தனியாக ஜீவனாம்சமும் கேட்கலாம். 2020-இல் உச்ச நீதிமன்றம் சொன்னபடி, மனு போட்ட தேதியிலிருந்தே அது கணக்கிடப்படும். வாய்தா மேல் வாய்தா வாங்கும் பையன்கள் இதைக் கவனிக்க வேண்டும்: பாக்கி ஏறிக்கொண்டே போகும்.

யூனிட்டுக்கு எழுதும்போது பராமரிப்பைப் பற்றி மட்டும் எழுதுங்கள், ஆதாரமில்லாத பழியைச் சேர்க்காதீர்கள். ஒரு ராணுவ அதிகாரியின் மனைவி மேலதிகாரிகளுக்கு அனுப்பிய அவதூறுப் புகார்கள் அந்த அதிகாரியின் வேலை முன்னேற்றத்தைக் கெடுத்தன. அது மனரீதியான கொடுமை என்று 2021-இல் உச்ச நீதிமன்றம் அந்த அதிகாரிக்கு விவாகரத்து கொடுத்தது.

உச்சிப்புளி கடற்படைத் தளத்திலோ மண்டபம் கடலோரக் காவல்படையிலோ வேலை என்றால் சட்டம் வேறு. சி.ஆர்.பி.எஃப்., பி.எஸ்.எஃப். வீரர்களுக்கும் அப்படியே. வக்கீலைப் பார்க்க வரும்போது எந்தப் படை, எந்த யூனிட், இப்போது எங்கே பணி என்று எழுதிக்கொண்டு வாருங்கள்.