‘ஆப்’ எப்படிச் செயலி ஆனது?

2020 ஜூன் 29 அன்று டிக்டாக் உள்ளிட்ட 59 சீனச் செயலிகளுக்கு இந்திய அரசு தடை விதித்தது. அந்தச் செய்தியைத் தமிழில் எழுதியவர்கள் ‘செயலி’ என்ற சொல்லுக்கு விளக்கம் தர வேண்டியிருக்கவில்லை. வாசகர்களுக்கு அது ஏற்கெனவே தெரிந்த சொல். அதற்குப் பத்தாண்டுக்கு முன்னால் அதே சொல்லை அச்சிட்டிருந்தால் கணிதமா கணினியா என்று ஐயம் எழுந்திருக்கும். ஒரு கலைச்சொல் இவ்வளவு விரைவாக வீட்டுச் சொல்லாவது அரிது. அது எப்படி நடந்தது என்பதைப் பார்க்க வேண்டும்.

ஆங்கிலத்தில் ‘ஆப்’ என்பது ‘அப்ளிகேஷன்’ என்பதன் தலைப்பகுதி. அதன் வேர் லத்தீன் மொழியின் ‘அப்ளிகாரே’. ‘பிளிகாரே’ என்றால் மடித்தல். ஒன்றின்மேல் ஒன்றை மடித்துச் சேர்த்தல், பொருத்துதல் என்பது முதற்பொருள். ஒரு கருத்தை ஒரு வேலைக்குப் பொருத்திப் பயன்படுத்துவது என்ற பொருள் அதிலிருந்து வளர்ந்தது. கணினி வந்தபோது, கணினியையே இயக்கும் இயங்குதளத்திலிருந்து வேறுபடுத்தி, பயனரின் ஒரு குறிப்பிட்ட வேலையைச் செய்யும் நிரலுக்கு இந்தப் பெயரை வைத்தார்கள். 1979இல் டான் பிரிக்ளினும் பாப் ஃபிராங்ஸ்டனும் உருவாக்கிய விசிகால்க் என்ற விரிதாள் நிரல் நல்ல எடுத்துக்காட்டு. கணக்கெழுதும் அந்த ஒரு நிரலுக்காகவே வணிகர்கள் ஆப்பிள் 2 கணினியை வாங்கினார்கள்.

‘ஆப்’ என்ற குறுக்கம் 1980களிலேயே நிரலாளர்களிடையே வழங்கியதுதான். அதைக் கடைத்தெருவுக்குக் கொண்டுவந்தது 2008 ஜூலை 10. அன்று ஆப்பிள் நிறுவனம் 500 செயலிகளுடன் தன் ஆப் ஸ்டோரைத் திறந்தது. முதல் வார இறுதிக்குள் பதிவிறக்கங்கள் ஒரு கோடியைத் தொட்டன. அதே ஆண்டு அக்டோபரில் ஆண்ட்ராய்டுக்கும் தனிச் சந்தை வந்தது. அதுவரை பெட்டியில் அடைத்து விற்ற மென்பொருள், அலமாரியில் அடுக்கிய பொருளைப் போல எண்ணி எடுக்கத்தக்க சில்லறைச் சரக்கானது. சிறிய சரக்குக்குச் சிறிய பெயர் பொருந்தியது. 2010ஆம் ஆண்டின் சொல்லாக அமெரிக்க வட்டார வழக்குக் கழகம் தேர்ந்தெடுத்ததும் இந்த ‘ஆப்’ என்பதைத்தான்.

தமிழில் ‘ஆப்’ இயல்பாக உட்காரவில்லை. தமிழ்ச் சொல் வல்லின மெய்யில் முடிவதில்லை. இறுதியில் உகரம் சேர்த்தால் ‘ஆப்பு’ ஆகிவிடும். அதுவோ மரம் பிளக்கும்போது இடையில் செருகும் முளை, ஆப்பசைத்த குரங்கின் கதையில் வருவது. ஆண்ட்ராய்டு போனைத் தமிழுக்கு மாற்றிப் பாருங்கள், ‘ஆப்ஸ்’ என்றிருக்கும். ஆங்கிலப் பன்மையையே ஒருமையாகக் கொண்டு ‘இந்த ஆப்ஸை’ என்று வேற்றுமை உருபும் சேர்த்துவிடுகிறார்கள். ஒலிச்சிக்கலைத் தவிர்க்க எண்ணி இலக்கணச் சிக்கலில் மாட்டிக்கொண்ட வழி இது. முழுச்சொல்லான ‘அப்ளிகேஷன்’ உதவாது. ரேஷன் அட்டை, கல்லூரிச் சேர்க்கை என்று எதற்கெடுத்தாலும் நிரப்பும் விண்ணப்பப் படிவத்துக்கு மக்கள் அந்தப் பெயரை எப்போதோ கொடுத்துவிட்டார்கள்.

முறைப்படி முதலில் வந்த தமிழ்ச் சொல் ‘பயன்பாடு’. தமிழ்நாட்டுப் பாடநூல்கள் ‘பயன்பாட்டு மென்பொருள்’ என்றன. இலங்கையில் ‘பிரயோக மென்பொருள்’. வகையின் பெயராக இரண்டும் சரியானவை. கைப்பேசித் திரையில் தனித்தனியாக நிற்கும் பொருளைச் சுட்ட ‘பயன்பாடு’ போதவில்லை. ‘இந்தப் பயன்பாட்டைப் பயன்படுத்துவதற்கு’ என்று எழுதிப் பார்த்தால் இடறல் தெரியும். ‘பயன்பாடு குறைந்துவிட்டது’ என்றால் செயலிகளின் எண்ணிக்கை குறைந்ததா, பயன்படுத்துவது குறைந்ததா? செயலின் பெயரையே பொருளின் பெயராக்கியதால் வந்த குழப்பம்.

‘செயலி’ அந்த இடத்தை நிரப்பியது. மண்வெட்டி, பாக்குவெட்டி, விசிறி, சுமைதாங்கி என்று கருவிகளுக்குப் பெயர்தரும் இகர விகுதிதான் இதிலும் என்று சொல்வார்கள். பாதி உண்மை. அவற்றில் வெட்டு, விசிறு, தாங்கு என்று வினையோடு விகுதி சேர்கிறது. ‘செயல்’ என்பதோ பெயர்ச்சொல். ஆகவே இதற்கு நெருங்கிய உறவு நாற்காலி, முக்காலி. நான்கு கால் உடையது நாற்காலி என்பதுபோல, ஒரு செயலை உடையது செயலி. ஒரு வேலைக்கு ஒரு நிரல் என்ற கைப்பேசி உலகத்தின் நடைமுறைக்கு இந்தப் பொருள் ‘அப்ளிகேஷன்’ என்ற மூலச் சொல்லைவிட நன்றாகப் பொருந்துகிறது என்பது என் உறுதியான எண்ணம்.

இச்சொல்லுக்குப் பழைய கடன்கள் உண்டு. மேல்நிலைக் கணிதத்தில் கூட்டல், பெருக்கல் போன்றவற்றைக் குறிக்கும் ‘ஈருறுப்புச் செயலி’ இருக்கிறது. கணினியின் மூளையான சில்லுக்கு ‘நுண்செயலி’ என்று பாடநூல்கள் பெயரிட்டன. ‘புதிய செயலியுடன் வெளிவரும் கைப்பேசி’ என்று எழுதினால் சில்லா மென்பொருளா என்று இன்றும் தடுமாற நேரும். இலங்கைப் பாடநூல்கள் சில்லை ‘முறைவழியாக்கி’ என்பதால் அங்கே மோதல் இல்லை. இங்கே எழுதுபவர்கள் சில்லுக்கு எப்போதும் ‘நுண்செயலி’ என்று முழுதாக எழுதினால் போதும். வழக்கில் வென்றுவிட்ட சொல்லைப் பறித்துப் பழைய இடத்துக்குத் திருப்புவது நடக்காத காரியம்.

சொல்லை ஊன்றச் செய்தது அன்றாடப் புழக்கம்தான். 2016 டிசம்பரில் பணப் பரிமாற்றத்துக்கான பீம் வந்தது. காய்கறிக் கடையில் பணம் செலுத்துவது செயலி வழியாயிற்று. பெண்களின் பாதுகாப்புக்குக் காவல்துறை ‘காவலன்’ செயலியைக் கொடுத்தது. ‘கடன் செயலி’ என்ற தொடர் மிரட்டல், மோசடிச் செய்திகளால் வேதனையோடு பழகிப்போனது. வங்கிச் செயலி, வாடகைக் கார் செயலி, உணவுச் செயலி என எந்தப் பெயரோடும் தயங்காமல் கூடுகிறது. தொழில்துறைக்கு வேண்டிய தொடர்களும் இதிலிருந்தே கிடைக்கின்றன: கைப்பேசிச் செயலி உருவாக்கம், செயலி உருவாக்குநர், உலாவியிலேயே இயங்கும் இணையச் செயலி. சீனாவின் வீசாட் 2017 ஜனவரியில் கொண்டுவந்த, ஒரு செயலிக்குள்ளேயே தனித்தனிக் கடைகளாக இயங்கும் சிறு நிரல்களைக் ‘குறுஞ்செயலி’ எனலாம். சிலர் எல்லா ஆப்களையும் குறுஞ்செயலி என்று எழுதியதுண்டு. இப்போது அந்த அடைமொழிக்கு உண்மையான வேலை வந்திருக்கிறது.

நிறுவனப் பெயர்களை மொழிபெயர்க்க வேண்டியதில்லை. வாட்ஸ்ஆப் என்ற பெயரே ‘என்ன சேதி’ என்ற ஆங்கில நலவிசாரிப்பையும் ‘ஆப்’ என்பதையும் கோத்துச் செய்த சொல்விளையாட்டு. அதைப் ‘புலனம்’ என்றால் அந்த விளையாட்டு போய்விடும். வாட்ஸ்ஆப் செயலி என்று எழுதலாம்.

அடுத்த சிக்கல் வாசலுக்கு வந்துவிட்டது. வாடிக்கையாளருக்குப் பதில் எழுதவும், பயணச்சீட்டு பதிவு செய்யவும் நம் சார்பில் தானே முடிவெடுத்து இயங்கும் செயற்கை நுண்ணறிவு நிரல்களை ‘முகவர்’ என்று எழுதத் தொடங்கியிருக்கிறார்கள். காப்பீட்டு முகவரை அறிந்தவர்களுக்குப் பொருள் உடனே புரியும். ஆனால் ‘முகவர் பதில் அனுப்பியது’ என்று எழுதும்போது உயர்திணை எழுவாயும் அஃறிணைப் பயனிலையும் முட்டிக்கொள்கின்றன. ‘முகவி’ என்றால் மாணவியைப் போலப் பெண்பாலாகிவிடும். ‘முகவர் செயலி’ என்று எழுதுங்கள்; ‘முகவர் செயலி பதில் அனுப்பியது’ என்பதில் திணை வழு இல்லை.